பதினேழாம் சில்லு

ஓடைப்பாறைப்பட்டியில் அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஓய்வு கிடைக்காத பொருள் ஒன்றே ஒன்றுதான். அரிவாளும் மண்வெட்டியும் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தன. ரெங்கராசுவின் குட்டியானை வண்டி மாலை போட்டுக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றது. தையல் மெஷின், தராசு, டீக்கடை பாய்லர், அங்கன்வாடிப் பிள்ளைகளின் சிலேட்டு, துடைப்பக்கட்டை வரைக்கும் அன்று ஒருநாள் யார் கையும் படாமல் சும்மா கிடந்தன. ஊருக்கு மேற்கே வைரம் வளர்க்கிற கம்பெனியில் மூன்றாம் நம்பர் அடுப்பு மட்டும் எப்போதும்போல வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

அதை நிறுத்த முடியாது. போர்டில் ரியாக்டர் என்று எழுதியிருக்கும், வேலை பார்க்கிற பெண்கள் அடுப்பு என்றே சொல்வார்கள். கல்யாண வீட்டு அண்டா அளவு எஃகுக் கூடு. உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, சாண எரிவாயுவில் இருக்குமே அதே வாயுவைச் சுத்தம் செய்து கொஞ்சமும், ஹைட்ரஜன் நிறையவும் விட்டு, மைக்ரோவேவைப் பாய்ச்சினால், நடுவில் ஊதா நிறத்தில் ஒரு தீப்பந்து அந்தரத்தில் நிற்கும். அடியில் பரப்பி வைத்திருக்கிற சுண்டுவிரல் நகம் அளவு வைரச் சில்லுகளின் மேல் கரி அணு அணுவாக இறங்கி உட்காரும். தலைமுடி வளர்கிறதைவிட மெதுவாக வளரும். மூன்று வாரம் அடுப்பு அணையக் கூடாது. நடுவில் அணைத்தால் அத்தனை சில்லும் விரிசல் விட்டுவிடும்.

இது மோதிரத்துக்குப் போகிற வைரம் இல்லை என்பதைச் சுடர்க்கொடி எல்லாருக்கும் விளக்குவாள். மேனேஜர் வரதன் சொன்னால் ஒருவருக்கும் புரியாது, அதனால் பார்க்க வருகிறவர்களை அவரே இவளிடம் அனுப்பிவிடுவார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு முடித்தவள், நான்கு வயசுப் பெண்ணுக்குத் தாய், எதையும் சோறு குழம்போடு சேர்த்துச் சொல்லத் தெரிந்தவள். "ஒரு பந்தி போட்டிருக்குன்னு வச்சுக்கங்க. வரிசையா கரி அணுதான் உக்காந்திருக்கு, எல்லாம் ஒரே வீட்டு ஆளுங்க. அதுல நைட்ரஜன்னு ஒரு வெளியாளைக் கொண்டாந்து உக்கார வைக்கிறோம். பக்கத்து எலையில ஆளு இல்ல, காலி. அந்தக் காலி எலைதான் சரக்கே. பச்ச லைட்டு அடிச்சா அது செவப்பா ஒளிரும், பக்கத்துல ஊசி முனையளவு காந்தம் வந்தாலும் அந்தச் செவப்பு ஏறி எறங்கும். மனுச நெஞ்சு துடிக்கிறப்ப அதுலயும் ஒரு காந்தம் இருக்காம், அதைக்கூடச் சொல்லிப்புடும்." கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். ஆஸ்பத்திரிக்கும் கப்பலுக்கும் செயற்கைக்கோளுக்கும் கருவிக்குள் வைக்க இங்கேயிருந்து சில்லுகள் போய்க்கொண்டிருந்தன.

பூஜையன்று மட்டும் ஊர் ஆட்களையும் உள்ளே விட்டார்கள். கையைக் கழுவி, தலையில் வலைத்தொப்பி மாட்டிக்கொண்டு, வரிசையாக வந்து, ஓடுகிற அடுப்பின் உடம்பில் உள்ளங்கையை வைத்துக் கும்பிட்டு, வட்டக் கண்ணாடி வழியே ஊதாப் பந்தைப் பார்த்துவிட்டு, ஆளுக்கு ஒரு கை பொரி வாங்கிக்கொண்டு போனார்கள். சுடர்க்கொடி தன் பெண் குயிலியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள், அவள் கை அடுப்பில் படவில்லை. குயிலி ஒரு கையை வைக்கவில்லை, இரண்டு கையையும் வைத்து, கன்னத்தையும் ஒட்டிவைத்துக்கொண்டு, "சூடா இருக்கும்மா" என்றாள். வாய் நிறையப் பொரியோடு நின்ற, கூட வேலை பார்க்கிற பரிமளா அக்கா, "ஊரே ஓய்வெடுக்குது, இது ஒண்ணை மட்டும் வேலை வாங்குறோம். கும்புட்டா இது என்னத்தைக் குடுக்கப் போவுது, நம்மளைத்தான் எடுத்துக்கும்" என்று சிரித்தாள். இருபத்துமூன்று பேர் கும்பிட்டதும் பொரி தீர்ந்துபோனது, பொரி இல்லை என்றதும் மற்றவர்கள் வாசலோடு திரும்பிவிட்டார்கள். அடுப்புக்குள் இருபத்துமூன்று சில்லு இருந்தது. பின்னால் நடந்ததெல்லாம் ஏன் நடந்தது என்று கேட்டால் இதற்கு மேல் சொல்ல அந்த ஊரில் யாரிடமும் எதுவும் இல்லை, யாரும் பெரிதாகத் தேடவும் இல்லை.

கார்த்திகை மாசம் சில்லுகளை அறுத்து, மெருகேற்றி, காலி இலை உண்டாக்க எலெக்ட்ரான் கதிர் பாய்ச்சுவதற்கு வெளியூர் அனுப்பினார்கள். கதிர் பாய்ச்சிய அன்று சாயங்காலம் ஊரில் இருபத்துமூன்று பேருக்கு ஒரே நேரத்தில் காய்ச்சல் வந்தது, ஒரே நேரத்தில் விட்டது. சுகாதாரத் துறையில் இருந்து ஆள் வந்து கொசு மருந்துப் புகை அடித்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் சில்லுகளை உலையில் வைத்துச் சுட்டபோது அதே இருபத்துமூன்று பேரும் ஆளுக்கு ஒரு குடம் தண்ணீர் குடித்தார்கள். மழைக்காலத்தில் என்ன தாகமோ என்று பேசிக்கொண்டார்கள். பின்னால் தேதியை வைத்துப் பார்த்தபோதுதான் எல்லாம் ஒட்டியது.

சோதனை மேசையில் பச்சை வெளிச்சத்தைப் பாய்ச்சிச் சிவப்பைப் பார்க்கிற வேலை சுடர்க்கொடிக்கு. சிவப்பு அசையாமல் நிற்க வேண்டும். அன்று ஒரு சில்லும் அசையாமல் நிற்கவில்லை. இருபத்துமூன்றும் ஏறி இறங்கின, ஒவ்வொன்றும் தன் போக்கில், ஒன்று சோம்பலாக, ஒன்று அவசரமாக. தரம் பார்க்கிற ஜெபமாலை சார் வயர்களைக் கழற்றி மாட்டினார், லைட்டை மாற்றினார், மேசையையே மாற்றினார். சுடர்க்கொடி பதினேழாம் சில்லைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான்கு வருஷமாக நெஞ்சில் கை வைத்துத் தூங்கவைக்கிற பிள்ளையின் துடிப்பு தெரியாதா. அங்கன்வாடிக்குப் போன் போட்டாள்.

"மும்தாஜ் டீச்சர், குயிலி என்ன பண்ணுறா?"

"ஊஞ்சல்ல ஆடுறா. எறங்க மாட்டேங்குறா."

"கொஞ்சம் எறக்கி உக்கார வைங்களேன்."

டீச்சர் இறக்கி உட்கார வைத்தார். பதினேழாம் சில்லின் துடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. "இப்ப மறுபடி ஏத்தி விடுங்க." ஏற்றிவிட்டார். துடிப்பு கூடியது. "என்னம்மா, பிள்ளையை வச்சு மோட்டார் ஓட்டுறியா?" என்று டீச்சர் கேட்டார். சுடர்க்கொடி சிரித்தாள். அன்று அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

மற்றவற்றையும் இப்படியே கண்டுபிடித்தார்கள். ஒவ்வொருவராக மாடிப்படி ஏறச் சொன்னார்கள், எது வேகமாகிறது என்று பார்த்தார்கள். முதல் சில்லு மேனேஜர் வரதன். நாலாவது டீக்கடைக் காத்தான். இருபதாவது மாட்டுத் தரகர் சடையன். ஜெபமாலை சார் பன்னிரண்டாவது. அவருடையதை அவரே சோதிக்க வேண்டியிருந்தது, பார்க்கப் பார்க்க அது படபடத்தது, அதைப் பார்த்து அவர் இன்னும் படபடத்தார், கடைசியில் பரிமளா அக்கா வந்து கருவியை அணைத்து அவரைக் காப்பாற்றினாள்.

துடிப்பு அங்கேயிருந்து இங்கே வருவதோடு நிற்கவில்லை என்பது நாலாம் சில்லைத் துடைத்தபோது தெரிந்தது. ஜெபமாலை சார் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து அதைத் துடைத்தார். அரை கிலோமீட்டர் தள்ளி டீக்கடையில் காத்தான், யாரோ பனிக்கட்டியை நெஞ்சில் வைத்த மாதிரி துள்ளி, ஆற்றிக்கொண்டிருந்த டீயைத் தன் கையிலேயே ஊற்றிக்கொண்டான். குயிலியின் சில்லைத் துடைக்கிற நேரத்தில் அவள் அங்கன்வாடியில் உருண்டு உருண்டு சிரித்தாள், யாரோ கிச்சுக்கிச்சு மூட்டுகிறார்கள் என்றாள். அதற்குப் பிறகு துடைக்கிற பஞ்சை உள்ளங்கையில் வைத்துச் சூடு பண்ணிவிட்டுத்தான் துடைப்பது என்று வழக்கம் வந்தது.

ஊர் இதற்குப் பழகிக்கொண்டது. ஆற்றில் தண்ணீர் வந்தால் பழகிக்கொள்கிற மாதிரி, வராவிட்டால் அதற்கும் பழகிக்கொள்கிற மாதிரி. சனிக்கிழமை மூன்று மணிக்குக் கம்பெனி ஜன்னலோரம் கூட்டம் நிற்கும். திருப்பூருக்கு வேலைக்குப் போன பையன் ஒருவனுடையது எட்டாவது. அவன் அம்மா வந்து நின்று பார்த்துவிட்டு, "சாப்பிட்டுட்டான்" என்று சொல்லிவிட்டுப் போவாள். ஊராட்சித் தலைவர் ரோடு போட ஆள் வருகிறார்கள் என்று சொன்னால், யாராவது ஓடிப்போய் அவருடைய மூன்றாம் சில்லைப் பார்த்துவிட்டு வந்து உதட்டைப் பிதுக்குவார்கள். அவர் அப்புறம் கூட்டத்தில் எதையுமே உறுதியாகச் சொல்வதை விட்டுவிட்டார். ஒன்பதாம் சில்லும் பதினோராம் சில்லும் தினமும் நாலேகாலுக்கு, பஸ் வருகிற நேரத்தில், ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. ஒன்று கண்டக்டர், ஒன்று டைப்ரைட்டிங் படிக்கிற பெண். இரண்டு வீட்டாரும் ஜன்னலுக்கு வெளியே ஒரு வாரம் நின்று பார்த்தார்கள், சண்டை போட்டுப் பார்த்தார்கள், சில்லுகள் நாலேகாலை மாற்றிக்கொள்ளவில்லை. தை மாசம் கல்யாணம் நடந்தது.

அந்தச் சந்தோஷம் தரகர் சடையன் சாகிற வரைக்கும் இருந்தது. ஒரு காலையில் சுடர்க்கொடி பச்சை வெளிச்சத்தைப் போட்டபோது இருபதாம் சில்லு தடுமாறிக்கொண்டிருந்தது. அவள் ஆளை அனுப்பினாள், போன் போட்டாள், வண்டியோடு தன் புருஷன் ரெங்கராசுவை விரட்டினாள், கண்ணை எடுக்காமல் சில்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு தடவை நீளமாக ஏறி இறங்கியது. அப்புறம் அசையவில்லை. ரெங்கராசு போய்ச் சேர்ந்தபோது கயிற்றுக்கட்டிலில் சடையன் உட்கார்ந்த மேனிக்கே இருந்தார், பக்கத்தில் காபியில் ஆவி போய்க்கொண்டிருந்தது. சில்லு அணைந்துபோகும் என்றுதான் சுடர்க்கொடி நினைத்தாள். அணையவில்லை. ஒரு துளி ஆட்டம் இல்லாமல், சுத்தமாக, சிவப்பாக நின்றது.

"இது ஒண்ணுதான் இப்ப சரியா இருக்கு" என்றார் ஜெபமாலை சார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அன்று முழுக்க அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மாசி மாசம் ஆர்டர் வந்தது. வெளிநாட்டில் இருந்து வாங்குகிறவர்கள், சோதித்து அனுப்பிய அளவுகளைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நுணுக்கமான சில்லைத் தாங்கள் இதுவரை கண்டதில்லை, இருபத்துமூன்றும் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ஒப்பந்தம் போன வருஷமே போட்டது. ஊரே மேனேஜர் அறைக்கு வெளியே வந்து நின்றது. வரதன் வெளியே வந்தார்.

"எல்லாரும் என்னைத் திட்டணும்னு வந்திருக்கீங்க, திட்டுங்க. ஆனா ஒண்ணாம் நம்பர் நான். நானும்தான் போறேன்."

அதற்கப்புறம் அவரைத் திட்ட யாருக்கும் மனசு வரவில்லை.

திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநீதி நாளுக்குப் பதினாறு பேர் பஸ் ஏறிப் போனார்கள். மனு வாங்குகிற மேசையில் இருந்த அம்மா பொறுமையாகப் படித்தார். "இது சுகாதாரமா, தொழில் துறையா, வருவாய்த் துறையா?" என்று கேட்டார். இவர்களுக்குத் தெரியவில்லை. "இதயம் வெளிநாடு போகுதுன்னா பாஸ்போர்ட்டுல வருமோ?" என்று அவரே யோசித்தார். கேலி இல்லை, உண்மையாகவே யோசித்தார், பக்கத்து மேசையைக் கேட்டார், பக்கத்து மேசை அதற்கடுத்த மேசையைக் கேட்டது. கடைசியில் ஒரு நம்பர் போட்டுக் கொடுத்து அனுப்பினார். அந்த நம்பர் இன்னும் காத்தான் கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.

"எடுத்துட்டு வந்துரு" என்றான் ரெங்கராசு. மத்தியானச் சோறு, குயிலி கொல்லையில் கோழியோடு பேசிக்கொண்டிருந்தாள். "நகத்தளவு இருக்கு. கொண்டையில சொருகிட்டு வந்தா யாருக்குத் தெரியும்?"

"வந்து? எங்க வைக்கிறது மாமா?"

"அரிசி டப்பாவுல."

"எலி."

"பீரோவுல."

"சாவி எங்க?"

பீரோச் சாவி தொலைந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவன் மோர் ஊற்றிக்கொண்டான். சுடர்க்கொடி வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். தோட்டுத் திருகாணி ஒன்று இந்த வீட்டில் மூன்று மாசம் சேர்ந்தாற்போலத் தங்கியதில்லை. குயிலி எதைக் கண்டாலும் வாயில் போட்டுப் பார்ப்பாள், அவள் துப்பினால் கோழி கொத்தும். ஸ்டவ்வுக்கு அடியில் விழுந்தால்? பெருக்கித் தள்ளிவிட்டால்? தன் நெஞ்சைத் தானே குப்பையோடு கொட்டுகிற பிள்ளையாகிவிடுவாள். உலகத்திலேயே அந்தச் சில்லுக்குப் பத்திரமில்லாத ஒரே இடம் அதைப் பெற்றவள் வீடுதான் என்று அவளுக்கு அன்று சோற்றுக் கையோடு விளங்கியது.

மிச்சம் ஒரு வழிதான் இருந்தது. அனுப்புவதற்கு முன்னால் ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு தாள் உண்டு. விரிசல் உண்டா, கறை உண்டா, ஒளி சரியா. சோதிக்கிறவள் எழுதுவாள், ஜெபமாலை சார் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். ஒரு இடத்தில் 'உண்டு' என்று விழுந்தாலும் அந்தச் சில்லு வெளியே போகாது. பதினேழாம் தாளை எடுத்து வைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஜெபமாலை சார் பக்கத்தில் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உண்டுன்னு எழுதும்மா. நான் பார்க்காத மாதிரி கையெழுத்துப் போட்டுர்றேன். முப்பது வருசத்துல பொய்க் கையெழுத்துப் போட்டதில்ல, இதுக்குப் போடுறேன்."

"எழுதினா?"

அவர் அரவை அறைப் பக்கம் பார்த்தார். அவளுக்கே தெரியும். தள்ளுபடியான சில்லு சாயங்காலமே அரவை அறைக்குப் போகும். எஃகு உருளைக்குள் போட்டு, மாவாக்கி, சாணைக்கல் செய்கிறவர்களுக்கு அனுப்பிவிடுவார்கள். நம்பர் போட்டுப் படம் பிடித்த சில்லு, ஒன்று அனுப்புகிற டப்பாவுக்குள் போக வேண்டும், இல்லை உருளைக்குள் போக வேண்டும்; சும்மா இருக்கிற மூன்றாவது இடம் என்று அந்தக் கம்பெனியில் எதுவும் கிடையாது.

"ஒரே ஒரு சில்லு, சார். அரைச்சதா எழுதிட்டு அந்த டிராயர்ல போட்டு வச்சா?"

"அரைச்ச மாவை எடை போடுவாங்கம்மா. குறைஞ்சா டிராயரைத்தான் முதல்ல தொறப்பாங்க."

சுடர்க்கொடி பச்சை வெளிச்சத்தை ஒரு தடவை போட்டாள். சிவப்பு நிதானமாக ஏறி இறங்கியது. மணி ஒன்றரை, பிள்ளைகளைத் தூங்கவைக்கிற நேரம். இதைத் தன்னோடு வைத்துக்கொள்ள இதில் ஒரு விரிசல் வேண்டும், விரிசல் விழுந்தால் இது தன்னோடு இருக்காது. வெகுநேரம் அதையே திருப்பித் திருப்பி நினைத்துப் பார்த்தாள், எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே இடத்தில்தான் வந்து நின்றது. பிறகு பேனாவைத் திறந்து, விரிசல் இல்லை என்று எழுதினாள். கறை இல்லை என்று எழுதினாள். ஒளி மிக நன்று என்று எழுதினாள். தன் கையெழுத்தைப் போட்டாள், பள்ளிக்கூடத்தில் ஹால் டிக்கெட்டில் போட்ட அதே கையெழுத்து. ஜெபமாலை சார் அடியில் போட்டார். அவருடைய தாளை அவர் தானே எழுதிக்கொண்டார், அதில் அவள் எதுவும் கேட்கவில்லை.

அனுப்புகிற நாளுக்கு முதல் நாள் ஊரார் ரோட்டில் இறங்கினார்கள். பத்து வருஷமாக மனுக் கொடுத்தும் மூடாத பள்ளங்கள்; செம்மண்ணும் சரளையும் கொட்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி மிதித்து, கம்பெனி வாசலில் இருந்து மெயின் ரோடு வரைக்கும் இரண்டே கால் கிலோமீட்டரை ஒரே பகலில் சமமாக்கிவிட்டார்கள். ஊராட்சித் தலைவரும் மண் சுமந்தார். மறுநாள் கூரியர் வேன் வந்தது. சுடர்க்கொடிதான் சில்லுகளைப் பஞ்சணைக் குழிகளில் வைத்தாள், கையைத் தேய்த்துச் சூடு பண்ணிக்கொண்டு, ஒவ்வொன்றாக. சடையனுடையதையும் அதே சூட்டோடுதான் வைத்தாள். பதினேழாவதை வைத்தபோது, தூளியில் போட்டுவிட்டுக் கையை உருவுகிற மாதிரி, மெல்ல விரலை எடுத்தாள். ரோட்டின் இரண்டு பக்கமும் ஊர் நின்றது. பெண்கள் ஆரத்தி எடுத்தார்கள். வெளியூர்க்கார டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்னண்ணே, சாமியா போவுது?"

காத்தான் ஜன்னல் வழியே அவனுக்கு டீ கொடுத்தான். "மெதுவா போ தம்பி. உள்ள நான் இருக்கேன்."

அன்று மாலை, சில்லுகள் விமானம் ஏறிய நேரத்தில், மிச்சமிருந்த இருபத்திரண்டு பேருக்குக் காது அடைத்தது. மறுநாள் குளிரெடுத்தது. அதற்கப்புறம் சில மாசம் ஒன்றுமில்லை. பிறகு சில்லுகள் அங்கங்கே கருவிகளுக்குள் போய் உட்கார, ஊரில் அவரவருக்கு அவரவர் இடம் தெரிய ஆரம்பித்தது. காத்தானுடையது கடலுக்கு அடியில் எதையோ தேடிக்கொண்டிருக்கிறது. வாயில் எந்நேரமும் உப்புக் கரிக்கிறது என்று சர்க்கரையை அள்ளிப் போடுகிறான், அவன் கடை டீயை இப்போது குழந்தைகள் மட்டும்தான் குடிக்கிறார்கள். மேனேஜர் வரதனுடையது வானத்தில் சுற்றுகிறது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை அவருக்கு விடிகிறது, மனுஷர் பார்க்கிறவர்களுக்கெல்லாம் பகல் முழுக்கக் குட் மார்னிங் சொல்லிக்கொண்டே இருக்கிறார். கண்டக்டருடையது ஒரு கப்பலில், அவன் மனைவியுடையது ஏதோ பனிமலைச் சுரங்கத்தில். நாலேகால் ஆனால் இரண்டு பேரும் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவருக்கு ஆடுகிறது, ஒருவருக்கு உறைகிறது, கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

குயிலியுடையது ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறது.

சுடர்க்கொடிக்கு அது ஒரு செவ்வாய்க்கிழமை தெரிந்தது. காலை ஷிப்ட் முடிந்து வந்து, பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். குயிலி மெல்லுவதை நிறுத்தினாள்.

"அம்மா, எம் மேல ஒரு தாத்தா படுத்திருக்காரு."

"எந்தத் தாத்தா?"

"தெரியல. இருமுறாரு. அவரு நெஞ்சு நொண்டி வெளையாடுது." எழுந்து, ஒற்றைக் காலில் தத்தி, நின்று, மறுபடி தத்திக் காட்டினாள். "இப்புடி."

அடுத்த செவ்வாயும் தாத்தா வந்தார். அதற்கடுத்த செவ்வாயும். நடுவில் வேறு யார் யாரோ வந்து போனார்கள். ஓடி வந்தவர்கள், அழுதுகொண்டிருந்தவர்கள், வயிற்றில் இன்னொரு துடிப்போடு வந்த ஒரு பெண். அந்தப் பெண் வந்தபோது குயிலி வீடு முழுக்கக் குதித்தாள், "ரெண்டு, ரெண்டு" என்று. ஆனால் செவ்வாய்த் தாத்தா மேல்தான் அவளுக்குப் பாசம். அவருக்கென்று பொரி எடுத்து வைத்தாள். "தாத்தாவுக்கு பயமா இருக்கும்மா, ஆனா சொல்ல மாட்டாரு" என்றாள்.

சுடர்க்கொடி வரதனிடம் போய் அந்த ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டாள். "நாம விக்கிற ஆளு வேறம்மா, அவன் விக்கிற ஆளு வேற. சொல்ல மாட்டாங்க" என்றார் அவர். கொஞ்சம் தயங்கி, "லெட்டர் ஒண்ணு வந்திருக்கு" என்று எடுத்துக் காட்டினார். சில்லுகள் அருமை, ஆனால் எல்லாவற்றிலும் அடியில் ஒரு மெல்லிய துடிப்பு இரைச்சல் வருகிறது, பரவாயில்லை, அதைக் கழித்துவிட்டுப் பார்க்க ஒரு கணக்கு எழுதிவிட்டோம் என்று இருந்தது. சுடர்க்கொடி இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். தன் பிள்ளையின் நெஞ்சை அவர்கள் தினமும் கழித்துக்கொண்டிருக்கிறார்கள். வரதன் ஜன்னலைப் பார்த்து, அந்த மத்தியான வெயிலில், அவளுக்குக் குட் மார்னிங் சொன்னார்.

ஆவணியில் ஒரு செவ்வாய். குக்கர் அடுப்பில் இருந்தது. குயிலி தரையில் உட்கார்ந்து தாத்தாவுக்குப் பொரியை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தவள், கையை நிறுத்தினாள்.

"அம்மா, தாத்தா நொண்டி அடிக்கல."

"நல்லாயிட்டாரா?"

"இல்ல. ஒத்தக் கால்லயே நிக்கிறாரு. இன்னொரு காலை வைக்க மாட்டேங்குறாரு."

சுடர்க்கொடி கரண்டியைப் போட்டுவிட்டு வந்து பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டாள். போன் போட ஒரு நம்பர் இல்லை, சத்தம் போட்டுக் கூப்பிட ஒரு பேர் இல்லை. ஸ்பிரிட் துடைத்த குளிர் அங்கேயிருந்து இங்கே வந்ததே, இங்கேயிருந்து அங்கே ஏதாவது போகாதா என்று, குயிலி நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, தூங்கவைக்கத் தட்டுவாளே அப்படித் தட்டினாள். தட்டு, தட்டு, தட்டு, ஒரே சீராக. அதையும் கழித்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். தட்டிக்கொண்டே இருந்தாள். குயிலி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து, "தூக்கிட்டுப் போயிட்டாங்க" என்றாள்.

"என்னாச்சு அவருக்கு?"

"தெரியல. தூக்கிட்டுப் போயிட்டாங்க."

அடுத்த செவ்வாய் குயிலி காலையிலேயே பொரியை அடுக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். சுடர்க்கொடியும் வேலையில் இருந்து ஓட்டமாக வந்து, குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரில் உட்கார்ந்தாள். இரண்டு மணி ஆனது. இரண்டேகால் ஆனது. குயிலி தலையைச் சாய்த்து, கதவைத் திறக்கிற சத்தத்தைக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"தாத்தாவா?"

குயிலி இல்லை என்று தலையாட்டினாள். "வேற யாரோ. சின்ன ஆளு." கொஞ்சம் பொறுத்து, "ரொம்பப் பயந்து படுத்திருக்கும்மா" என்றாள்.

சுடர்க்கொடி புடவையில் கையைத் துடைத்து, இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடு பண்ணிக்கொண்டாள். பிள்ளையை இழுத்து மடியில் போட்டு, நெஞ்சில் கையை வைத்துத் தட்ட ஆரம்பித்தாள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றாள், தனக்குத் தெரிந்த ஒரே பாஷையில், யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல். அடுப்பில் குக்கர் நான்கு விசில் அடித்தது, ஐந்தாவதும் அடித்தது, அவள் எழுந்திருக்கவில்லை.